சின்ன இ-இங்க் ரீடர் வாங்கப் போறீங்களா? அதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க



போன மாசம் நம்ம தூத்துக்குடியிலேருந்தே ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு கன்டெய்னர் யார்டுல டாக்குமென்டேஷன் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 22,000 ரூபாய். நைட் ஷிப்ட்ல லாரி வர்ற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துல படிச்சு, குரூப் 4 எழுதிடணும்னு ஆசை.

"அண்ணாச்சி, போன்ல படிக்க உட்கார்ந்தா பத்து நிமிஷத்துல கை தானா ரீல்ஸுக்குப் போயிருது. பாக்கெட்ல வைக்கிற மாதிரி சின்ன இ-இங்க் ரீடர் பார்த்து வச்சிருக்கேன். ஆறு மாச நோ காஸ்ட் இஎம்ஐல கிடைக்குது. வாங்கிரட்டா?"

அவர் பார்த்து வச்சிருந்த மாடலோட விலை 16,999 ரூபாய். அவரோட முக்கால் மாசச் சம்பளம். "வாங்குங்க", "வாங்காதீங்க"ன்னு ஒரு வார்த்தையில பதில் சொல்ற விஷயம் இல்ல இது. அதனால அவரோட உட்கார்ந்து போட்ட கணக்கை அப்படியே இங்க எழுதுறேன். வீடியோல அவசரமா சொல்லிட்டுப் போன சில விஷயங்களும் இதுல விரிவா இருக்கு.

முதல்ல, இது என்ன பொருள்?

போன் திரை உங்க கண்ணுக்குள்ள வெளிச்சத்தை அனுப்புது. இ-இங்க் திரை அப்படி இல்ல. அதுக்குள்ள முடி அளவுக்கு மெல்லிசா லட்சக்கணக்கான சின்னக் குமிழிகள் இருக்கும். ஒவ்வொரு குமிழியிலயும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள். கொடுக்கிற மின்சாரத்தோட திசையைப் பொறுத்து கறுப்போ வெள்ளையோ மேல வரும். ஒருதடவை மேல வந்துட்டா, கரண்ட் இல்லாமலேயே அங்கேயே நிக்கும். பக்கம் திருப்புறப்போ மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேணும். அதனாலதான் பேட்டரி வாரக்கணக்குல வருதுன்னு சொல்றாங்க.

வெளிச்சம் வெளியிலேருந்துதான் வரணும். அதனால முத்துநகர் பீச்சுல மத்தியான வெயில்ல உட்கார்ந்தாலும் எழுத்து தெளிவாத் தெரியும். போன் திரை அந்த வெயில்ல கண்ணாடி மாதிரி உங்க முகத்தைத்தான் காட்டும். ராத்திரிக்கு, திரையோட ஓரத்துலேருந்து மேல படுற மாதிரி ஒரு விளக்கு வச்சிருப்பாங்க. எல்லா மாடல்லயும் அந்த விளக்கு இருக்காது. நைட் ஷிப்ட் ஆளுங்களுக்கு இது முக்கியம், ஞாபகம் வச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம். இந்தத் திரைகளை அனேகமா எல்லா ரீடர் கம்பெனியும் இ-இங்க் ஹோல்டிங்ஸ்ங்கிற ஒரே தைவான் கம்பெனிகிட்டதான் வாங்குது. 1997-ல அமெரிக்காவுல எம்ஐடியிலேருந்து கிளம்பின கம்பெனி அது. 2009-ல தைவான்காரங்க கைக்குப் போச்சு. அதனால "எங்க திரைதான் காகிதம் மாதிரி"ன்னு ஒவ்வொரு விளம்பரமும் சொல்றதைப் பெருசா எடுத்துக்க வேண்டாம். ஒரே தலைமுறையில வந்த 300 பிபிஐ திரைகளுக்குள்ள பெரிய வித்தியாசம் கிடையாது. உண்மையான வித்தியாசம் மென்பொருள்லயும், புத்தகக் கடையிலயும், உடைஞ்சா யார் சரிபண்ணித் தருவாங்கங்கிறதுலயும்தான் இருக்கு.

இப்ப பேசப்படுற சின்ன ரீடர்கள்

- அமேசான் கிண்டில், 2024 மாடல்: 6 அங்குலத் திரை, 300 பிபிஐ, 158 கிராம், 16 ஜிபி. விளக்கு உண்டு, ஆனா மஞ்சள் வெளிச்சமா மாத்திக்க முடியாது. தண்ணீர் பட்டா தாங்காது.
- கிண்டில் பேப்பர்வைட், 2024 மாடல்: 7 அங்குலம், 300 பிபிஐ, 211 கிராம், 16 ஜிபி. மஞ்சள் வெளிச்சம் உண்டு, தண்ணீர் தாங்கும். இந்தியாவுக்கு 2025 ஏப்ரல்ல 16,999 ரூபாய்க்கு வந்தது. தம்பி பார்த்து வச்சிருந்தது இதைத்தான்.
- கோபோ கிளாரா பிடபிள்யூ, 2024: 6 அங்குலம், 300 பிபிஐ, 174 கிராம், 16 ஜிபி. மஞ்சள் வெளிச்சம், தண்ணீர் தாங்கும் வசதி ரெண்டும் உண்டு. இபப் ஃபைலை நேரடியா ஏத்திப் படிக்கலாம்.
- பூக்ஸ் பால்மா: 6.13 அங்குலம், 300 பிபிஐ, 170 கிராம். பார்க்க அப்படியே ஒரு போன் மாதிரி ஒல்லியா, நீளமா இருக்கும். ஆண்ட்ராய்டு ஓடுது; ஆப் எதை வேணா போட்டுக்கலாம், மெமரி கார்டும் போடலாம்.
- எக்ஸ்டீங்க் எக்ஸ் 4: 4.3 அங்குலம், 74 கிராம். போனோட முதுகுலயே ஒட்டி வைக்கிற அளவு. டச் கிடையாது, விளக்கும் கிடையாது. பட்டன் மட்டும்தான்.

எடை விஷயத்துல ரொம்ப யோசிக்க வேண்டாம். இருக்கிறதுலயே கனமான பேப்பர்வைட்டே கால் கிலோ மக்ரூன் பொட்டலத்தைவிடக் குறைவு.

பேட்டரி விளம்பரத்தையும் ஒருதடவை பிரிச்சுப் பாருங்க. பேப்பர்வைட் 12 வாரம் வரும்னு போட்டிருக்கும். கீழ சின்ன எழுத்துல, ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வைஃபை அணைச்சு வச்சுப் படிச்சான்னு இருக்கும். 84 நாள், அரை அரை மணி நேரம்: மொத்தம் 42 மணி நேரம். சாதாரண கிண்டிலுக்குச் சொல்ற 6 வாரம், இதே கணக்குல 21 மணி நேரம். நீங்க தினம் ரெண்டு மணி நேரம் படிக்கிற ஆளா இருந்தா ஒண்ணு மூணு வாரம், இன்னொண்ணு பத்து நாள். ரெண்டுமே தாராளம். பேட்டரிக்காக மட்டும் விலை கூடுன மாடலுக்குப் போக வேண்டியதில்ல.

16 ஜிபி போதுமான்னும் கேட்பாங்க. வெறும் எழுத்து இருக்கிற ஒரு நாவல் ஒண்ணு ரெண்டு எம்பிதான். ஆயிரக்கணக்குல ஏத்தலாம். நம்ம ஆயுசுக்குப் போதும்.

கணக்கு 1: என்ன படிக்கப் போறீங்க?

தம்பிகிட்ட நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். "சமச்சீர் புக் அண்ணாச்சி. ஆறாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் எல்லாம் பிடிஎஃப்பா டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன்."

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. இபப் மாதிரி ஃபைல்ல எழுத்து தண்ணி மாதிரி. பாத்திரம் எந்த அளவோ அந்த அளவுக்கு வரி உடைஞ்சு நிக்கும். எழுத்தைப் பெருசாக்கிக்கலாம். பிடிஎஃப் அப்படி இல்ல. அது அச்சடிச்ச பக்கத்தோட போட்டோ மாதிரி. திரை சின்னதானா பக்கமும் சின்னதாகும், எழுத்தும் சின்னதாகும்.

எவ்வளவு சின்னதாகும்? ஏ4 அளவு பக்கத்துல 12 பாயின்ட் எழுத்துன்னு வச்சுக்கோங்க. முழுப் பக்கத்தையும் திரையில காட்டினா:

- 4.3 அங்குல எக்ஸ் 4-ல அந்த எழுத்து ஏறக்குறைய 3 பாயின்ட் ஆயிடும்.
- பால்மால 4 பாயின்ட். திரை நீளம்தான், ஆனா அகலம் 7 சென்டிமீட்டர் மட்டும்தான்.
- 6 அங்குலத்துல 5 பாயின்ட்.
- 7 அங்குலத்துல 5.7 பாயின்ட்.
- 10.3 அங்குலத்துல 8.4 பாயின்ட்.

ஸ்கேலை எடுத்து நீங்களே அளந்து பார்க்கலாம். 6 அங்குலத் திரைங்கிறது 9 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம்தான். ஏ4 பக்கம் 21-க்கு 29.7. அதுக்குள்ள இதை அடைச்சா, மாத்திரை அட்டைக்குப் பின்னாடி இருக்கிற எழுத்து மாதிரிதான் தெரியும்.

"திரையைப் படுக்கவச்சுப் படிக்கலாமே"ன்னு கேட்கலாம். படிக்கலாம். 6 அங்குலத்துல எழுத்து 7 பாயின்ட் வரைக்கும் வரும். ஒரு பக்கத்தை ரெண்டு துண்டா நகர்த்திப் படிக்கணும். கதைன்னா ஓட்டிடலாம். பரீட்சைக்குப் படிக்கிறவங்க அட்டவணையைப் பார்க்கணும், முன்பக்கம் போகணும், பின்பக்கம் வரணும், கோடு போடணும். இ-இங்க் மெதுவாத்தான் மாறும். வரைபடத்துல இருக்கிற கலர் எல்லாம் சாம்பல் நிறமாத் தெரியும். மூணாவது நாள் பொறுமை போயிடும்.

ஆக முதல் விதி: உங்க வாசிப்புல பாதிக்கு மேல பிடிஎஃப்னா, சின்ன ரீடர் உங்களுக்கான பொருள் இல்ல. விலை எவ்வளவு குறைஞ்சாலும் இல்ல.

கணக்கு 2: தமிழ் சரியா தெரியுதா?

இங்கிலீஷ் ரிவ்யூ எதுலயும் இதைச் சொல்ல மாட்டாங்க. நாமதான் பார்த்துக்கணும். வாங்குறதுக்கு முன்னாடி, அந்த மாடல் வச்சிருக்கிற யார்கிட்டயாவது கேட்டு, மூணே மூணு வார்த்தை இருக்கிற ஒரு ஃபைலைத் திறந்து பாருங்க: கொற்கை, ஸ்ரீவைகுண்டம், பௌர்ணமி.

ரெண்டு நம்ம ஏரியா ஊர் பேரா இருக்கேன்னு சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. "கொ"-வுல கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் வரணும். "ஸ்ரீ" ஒரே எழுத்தா ஒட்டி வரணும். "பௌ"-வுல பின்னாடி வர்றது தனி "ள" மாதிரி பிரிஞ்சு நிக்கக் கூடாது. இந்த மூணும் சரியா வந்தா மத்த எழுத்தும் பெரும்பாலும் சரியா வரும். கொம்பு இடம் மாறினாலோ, புள்ளி போட்ட வட்டம் ஒண்ணு நடுவுல முளைச்சாலோ, அந்த டிவைஸை அப்படியே வச்சுட்டு வந்துடுங்க.

கிண்டில் கடையில தமிழ்ப் புத்தகங்கள் 2016-லேருந்து முறையா விற்பனையில இருக்கு. அது அதோட பெரிய பலம். காசு கொடுக்காம, சட்டப்படியே படிக்கவும் வழி இருக்கு. 1998 பொங்கல்ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல சங்க இலக்கியத்துலேருந்து "பொன்னியின் செல்வன்" வரைக்கும் இருக்கு. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்துல ஒவ்வொரு புத்தகத்தையும் இபப்பாவும், 6 அங்குலத் திரைக்குன்னே தனியா வடிவமைச்ச பிடிஎஃப்பாவும் போட்டு வச்சிருக்காங்க. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் பெரிய புதையல், ஆனா நிறைய புத்தகம் ஸ்கேன் பண்ணின பக்கங்கள். அதுக்கு மேல சொன்ன பிடிஎஃப் கணக்குதான்.

கணக்கு 3: குடையை யார் தர்றாங்க?

நம்ம ஊர் கதை ஒண்ணு. 1906-ல வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு பண்ணினார். மூலதனம் 10 லட்சம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தூத்துக்குடி-கொழும்பு பாதையில அதுவரைக்கும் தனிக்காட்டு ராஜாவா இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி என்ன பண்ணிச்சு? டிக்கெட் விலையைக் குறைச்சது. சுதேசிக் கம்பெனியும் குறைச்சது. கடைசியில வெள்ளைக்காரன் கம்பெனி, டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாங்க, கூட ஒரு குடையும் தர்றோம்னு சொன்னதாச் சொல்வாங்க. 1908-ல வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல கம்பெனியைக் கலைச்சுட்டாங்க. அதுக்கப்புறம் யார் குடை கொடுத்தா?

கிண்டிலை நான் வெள்ளைக்காரன் கப்பல்னு சொல்ல வரல. நானே அதுலதான் படிக்கிறேன். ஆனா ஒரு பொருள் அடக்க விலைக்குக் கிடைக்குதுன்னா, லாபம் வேற எங்கேயோ இருக்குன்னு அர்த்தம். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸே 2012-ல வெளிப்படையாச் சொன்னார்: கிண்டில் டிவைஸை அடக்க விலைக்குத்தான் விக்கிறோம், லாபம் அதை வச்சு மக்கள் வாங்குற புத்தகத்துல வருதுன்னு.

அதுல தப்பில்ல. ஆனா நமக்கு என்ன விலைன்னு தெரிஞ்சிருக்கணும். அங்க "வாங்கு"ன்னு பட்டன் இருந்தாலும், நீங்க வாங்குறது புத்தகம் இல்ல, படிக்கிற உரிமம். 2009-ல ஜார்ஜ் ஆர்வெல்லோட "1984" நாவலை, உரிமை இல்லாத ஒருத்தர் கடையில போட்டிருந்தார்னு, வாங்கினவங்க கிண்டில்லேருந்தே அமேசான் அழிச்சது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க, அப்புறம் மன்னிப்பும் கேட்டாங்க. சீனாவுல 2023 ஜூன் 30-ஓட கிண்டில் கடையையே மூடினாங்க. வாங்கின புத்தகத்தை இறக்கிக்க ஒரு வருஷம் அவகாசம். 2025 பிப்ரவரி 26-லேருந்து, வாங்கின புத்தகத்தைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி யுஎஸ்பி வழியா மாத்துற வசதியையும் எடுத்துட்டாங்க.

அதனால அஞ்சு வருஷம் கழிச்சு வேற கம்பெனி ரீடருக்கு மாறினா, கிண்டில் கடையில வாங்கினது பெரும்பாலும் கூட வராது. கோபோவுலயும் கடையில வாங்குற நிறைய புத்தகத்துக்குப் பூட்டு உண்டு, ஆனா அந்தப் பூட்டு வேற சில கம்பெனி ரீடர்கள்லயும் திறக்கும். பூக்ஸ்ல கிண்டில் ஆப்பும் போடலாம், வேற ஆப்பும் போடலாம். ஆனா அங்க ஆண்ட்ராய்டு பழசாகுற பிரச்சினை இருக்கு. பால்மா வந்ததே ஆண்ட்ராய்டு 11-ஓடதான். இன்னும் சொல்லணும்னா, எல்லா ஆப்பும் போடலாம்ங்கிறதுல ரீல்ஸும் அடக்கம். எதுலேருந்து தப்பிக்க ரீடர் வாங்குறோமோ, அது அங்கயும் வந்து உட்கார்ந்துக்கும்.

கணக்கு 4: பணம்

"புத்தகச் செலவு மிச்சமாகும்"னுதான் எல்லாரும் தங்களுக்கே சமாதானம் சொல்லிக்கிறாங்க. பார்ப்போம்.

டிவைஸ் 16,999, உறை ஒண்ணு 1,000. மொத்தம் ஏறக்குறைய 18,000. அச்சுப் புத்தகத்தைவிட மின்னூல்ல ஒரு புத்தகத்துக்கு 100 ரூபாய் மிச்சம்னு வச்சுக்கோங்க. போட்ட காசு திரும்ப வர 180 புத்தகம் படிக்கணும். மாசம் ஒண்ணுன்னா 15 வருஷம். மாசம் மூணுன்னா 5 வருஷம். மாசம் மூணு படிக்கிற ஆளா நீங்க? உண்மையைச் சொல்லுங்க.

கிண்டில் அன்லிமிடெட் சந்தா மாசம் 169 ரூபாய்னு எடுத்துக்கிட்டா, வருஷத்துக்கு 2,028. அஞ்சு வருஷத்துக்கு 10,140. டிவைஸ், உறை, சந்தா எல்லாம் சேர்த்து 28,000-ஐத் தாண்டுது. சந்தாவை நிறுத்தினா அந்தப் புத்தகங்களும் போயிடும். மாவட்ட மைய நூலகத்துல உறுப்பினராக ஆகுற செலவை இதோட வச்சுப் பாருங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தியும் சொல்லிடறேன். வட்டி இல்லாம இல்ல. வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டுறாங்க, அவ்வளவுதான். 16,999 ரூபாய், 6 மாசம், கார்டு வட்டி 16 சதவீதம்னு எடுத்துக்கோங்க. அதுல வட்டிப் பகுதி ஏறக்குறைய 765 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி 138 ரூபாய், அது உங்க தலையில. பிராசஸிங் கட்டணம் 199-ன்னா, அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக "நோ காஸ்ட்"டோட காஸ்ட் 373 ரூபாய். பெரிய தொகை இல்ல. பெரிய விஷயம் வேற.

தம்பியோட மாசக் கணக்கு இது. சம்பளம் 22,000. வீட்டுக்கு 9,000. பைக் இஎம்ஐ 4,000. பெட்ரோல், சாப்பாடு, ரீசார்ஜ் 5,000. மிச்சம் 4,000. இதுல ரீடர் இஎம்ஐ 2,833 போனா கையில நிக்கிறது 1,167 ரூபாய். அவசர நிதின்னு தனியா எதுவும் கிடையாது. அந்த ஆறு மாசத்துல பைக் ஒருதடவை மக்கர் பண்ணினா, இல்ல அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா, கிரெடிட் கார்டுதான். அங்க வட்டி வருஷத்துக்கு 40 சதவீதம் பக்கம் போகும். படிச்சு முன்னேறணும்னு வாங்குற பொருளே ஆளைக் கடன்ல தள்ளிடும்.

அதனால என் விதி: ரீடர் ஆசைப் பொருள். ஆசைப் பொருளை இஎம்ஐல வாங்கக் கூடாது. மாசம் 3,000 வீதம் ஆறு மாசம் ஆர்டி போடுங்க, 18,000 சேரும். ஆறு மாசத்துக்கு அப்புறமும் அதே ஆசை இருந்தா ரொக்கமா வாங்குங்க. அதுக்குள்ள ஆசை போயிடுச்சுன்னா, அவசர நிதிக்கு முதல் 18,000 கிடைச்சாச்சு.

கணக்கு 5: மாதிரிச் சிப்பி

இந்தக் கடல்ல முத்துக் குளிச்ச காலத்துல ஒரு பழக்கம் இருந்தது. சிப்பியைத் திறக்காமலேயே, ஆயிரம் இவ்வளவுன்னு ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருக்கா இல்லையான்னு வாங்குறவனுக்குத் தெரியாது. அதனால முத்துக்குளிப்பை அறிவிக்கிறதுக்கு முன்னாடியே, சர்க்கார் ஆட்கள் பாருக்குப் போய் கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, திறந்து, கிடைச்ச முத்தை மதிப்புப் போடுவாங்க. மதிப்பு தேறலைன்னா அந்த வருஷம் முத்துக்குளிப்பு கிடையாது. 1961-க்கு அப்புறம் இங்க பெரிய முத்துக்குளிப்பே நடக்கல. பழக்கம் மட்டும் நமக்கு உதவும்.

நீங்களும் 30 நாள் மாதிரி எடுங்க. ரீடர் வாங்காமலேயே. போன்ல கிண்டில் ஆப்போ, ஏதாவது இபப் ஆப்போ போடுங்க, இலவசம்தான். இல்லன்னா நூலகத்துலேருந்து ஒரு புத்தகம் எடுங்க. தினம் எத்தனை நிமிஷம் படிச்சீங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. 30 நாள்ல 20 நாளாவது 20 நிமிஷம் படிச்சிருந்தா, ரீடர் உங்களுக்கு உதவும். அஞ்சு நாள்தான் தேறுச்சுன்னா, பிரச்சினை திரையில இல்ல.

இதை நான் யாருக்கோ சொல்லல. என் முதல் ரீடரை இந்தச் சோதனை எதுவும் இல்லாமத்தான் வாங்கினேன். முதல் வாரம் ராத்திரி முழுக்கப் படிச்சேன். அப்புறம் எட்டு மாசம் டிவிக்குக் கீழ தூங்குச்சு. முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல அடிக்கடி சென்னை போக ஆரம்பிச்ச பிறகுதான், லைட் அணைச்ச பெர்த்துல படுத்துக்கிட்டே படிக்கிற பழக்கம் வந்து, அது உயிர் பிழைச்சது.

வாங்கியே ஆகணும்னா, நம்ம ஊர்க்காரங்களுக்கு மூணு எச்சரிக்கை

ஒண்ணு, உப்புக்காத்து. ஐபிஎக்ஸ்8-ன்னு போட்டிருந்தா கடலுக்கே கொண்டு போகலாம்னு நினைக்காதீங்க. பேப்பர்வைட்டுக்கு அமேசான் சொல்ற கணக்கு: நல்ல தண்ணியில 2 மீட்டர் ஆழத்துல 60 நிமிஷம், கடல் தண்ணியில கால் மீட்டர் ஆழத்துல 3 நிமிஷம். அவ்வளவு வித்தியாசம். உப்பளம் பக்கமோ, ஹார்பர்லயோ வேலை பார்க்கிறவங்க மூடுற உறை போடுங்க. சார்ஜ் போடுற ஓட்டையைக் காய வச்சுட்டுத்தான் சார்ஜ் போடணும்.

ரெண்டு, "கப்பல்ல போற மச்சான் வாங்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான்." விலை குறைவா இருக்கலாம். ஆனா வாரண்டி பெரும்பாலும் வாங்கின நாட்டோட சரி. இந்தத் திரைக்குள்ள கண்ணாடி இருக்கு. பின் பாக்கெட்ல வச்சு உட்கார்ந்தா போச்சு. திரை மாத்துற செலவு அனேகமா புதுசு வாங்குற செலவுக்குப் பக்கத்துல வந்துடும். கோபோ 2024 மாடல்களுக்கு ஐஃபிக்ஸிட் மூலமா உதிரி பாகமும் கழட்டிப் பூட்டுற கையேடும் கிடைக்குது. ஆனா நீங்களே வரவழைச்சு, நீங்களே பண்ணணும்.

மூணு, செகண்ட் ஹேண்ட். நல்ல வழிதான், நிறைய பேர் வாங்கிட்டுச் சும்மா வச்சிருக்காங்க. ஆனா வாங்குற இடத்துலயே பழைய ஓனர் தன் கணக்கை நீக்கி, உங்க கணக்கு உள்ள போகுதான்னு பார்த்துட்டுத்தான் பணம் கொடுக்கணும். முழு வெள்ளைப் பக்கம் ஒண்ணு, விளக்கை முழுசா ஏத்தி ஒண்ணு பாருங்க. கோடு, கறை இருந்தா தெரிஞ்சிடும்.

சரி, தம்பி என்ன பண்ணினார்?

கணக்கு 1-லயே அவருக்குப் பதில் கிடைச்சிடுச்சு. அவர் படிக்க வேண்டியது முழுக்க பிடிஎஃப். அதுக்கு 7 அங்குலத் திரை சரிவராது. 10 அங்குலம் வாங்க வசதி இல்ல. தெருவுல பத்தாவது முடிச்ச பிள்ளைங்க வீட்ல கேட்டு, பழைய சமச்சீர் புத்தகங்களைச் சேர்த்துக்கிட்டார். கிடைக்காத ரெண்டை மட்டும் புதுசா வாங்கினார். ஷிப்ட்ல போனை கேபின் லாக்கர்ல வைக்க முடியாது, லாரி டிரைவர்கள் கூப்பிடுவாங்க. அதனால கூப்பிட மட்டும் பயன்படுற ஒரு பழைய பட்டன் போன்ல சிம்மைப் போட்டு, ஸ்மார்ட்போனை வீட்லயே வச்சுட்டுப் போறார்.

இதுல முழு வெற்றின்னு சொல்ல மாட்டேன். "புக்கு கனமா இருக்கு அண்ணாச்சி, ஒரு நாளைக்கு ஒண்ணுதான் எடுத்துட்டுப் போக முடியுது"ன்னார். பரீட்சை இன்னும் வரல. ஆனா மாசம் 2,833 போயிருக்க வேண்டிய இடத்துல, 3,000 ஆர்டிக்குப் போகுது. பரீட்சை முடிஞ்சதும் "பொன்னியின் செல்வன்" படிக்க ஒரு சின்ன ரீடர் வாங்கணும்னு சொல்லியிருக்கார். அப்ப வாங்கட்டும். கதை படிக்கத்தான் அந்தப் பொருள்.

சுருக்கமா

- கதை, கட்டுரை அதிகம், தமிழ்ப் புத்தகம் காசு கொடுத்து வாங்குவீங்க: 6 அல்லது 7 அங்குல கிண்டில்.
- இலவச இபப் அதிகம், பூட்டு வேண்டாம், வாரண்டி ரிஸ்க் எடுக்கத் தயார்: கோபோ.
- பத்திரிகை ஆப், பல கடை ஆப் வேணும், மனக்கட்டுப்பாடும் உண்டு: பூக்ஸ்.
- வெளிச்சம் இருக்கிற இடத்துல மட்டும் படிப்பீங்க, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வேணும்: எக்ஸ் 4 மாதிரி குட்டி ரீடர்.
- பரீட்சை பிடிஎஃப்: இதுல எதுவும் வேண்டாம். அச்சுப் புத்தகம், இல்லன்னா 10 அங்குலம்.
- எந்த மாடலா இருந்தாலும்: 30 நாள் மாதிரி, மூணு வார்த்தைத் தமிழ் சோதனை, ரொக்கம்.

இன்னைக்கு ராத்திரியே நோட்டுல முதல் நாளைப் போடுங்க. 30 நாள் கழிச்சு எத்தனை நாள் தேறுச்சுன்னு எனக்குச் சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.